மேச்சி வரைக்கும்

ஜூன் 19

தனி மாநிலம் கேட்டுக் கடையடைப்பு தொடங்கிய பிறகு காலையில் எழுந்திருக்க ஒரு காரணமும் இல்லை. தேயிலை ஆலைச் சங்கு ஊதுவதில்லை. அம்மா மட்டும் வழக்கமான நேரத்துக்கு எழுந்து, கூடையை முதுகில் மாட்டி, வாசல் வரை போய், ஞாபகம் வந்து திரும்புகிறாள். பறிக்காத இலை இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. "இப்படியே விட்டா இது மரமாயிடும்" என்கிறாள். தனி மாநிலம் கிடைக்குமா கிடைக்காதா என்று இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அரிசி தீர்ந்துபோய் சௌசௌ தின்றோம். காயும் தீர்ந்து இப்போது அதன் கிழங்கைத் தோண்டுகிறோம். இன்று தம்பி சஞ்சோக் மேச்சி ஆற்றைத் தாண்டி நேபாளத்துப் பக்கம் போய் ஒரு மூட்டை அரிசி வாங்கி வரக் கிளம்பினான். நெற்றியில் சுமைவாரை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "அப்பா போன ரூட்டுலதான் போறேன் தீதி. ஆனா அவரை மாதிரி போஜ்பூர் வரைக்கும் போகமாட்டேன். பாதியில திரும்பிடுவேன்" என்றான். அம்மா கரண்டியை ஓங்கினாள். அதற்குள் படியிறங்கிவிட்டான்.

அப்பா செத்தபோதும் அவன் இப்படித்தான். எங்கள் ராய் ஜனங்களில் செத்தவருக்கு வழி தெரியாது. எங்கள் பூசாரி, மாங்பா, உட்கார்ந்து, வீட்டு வாசலில் தொடங்கி ஊர் ஊராகப் பெயர் சொல்லி, முன்னோர் புறப்பட்டு வந்த இடத்துக்குக் கூட்டிப்போய் விடவேண்டும். தோட்டத்துப் பாலம், மேச்சி, இலாம், மாய்க்கோலா, தமோர், தன்குட்டா, அருண் ஆறு, போஜ்பூர். அதற்கும் மேலே ஒரு மலை. அங்கே முன்னோரின் மூன்று அடுப்புக்கல். எங்களில் யாரும் அந்த ஊர்களைப் பார்த்ததில்லை. எங்கள் மாங்பா ஜஸ்மான் மாமாவும் பார்த்ததில்லை. அவர் ஓட்டும் ஷேர் ஜீப் போவது சிலிகுரிக்கு. சாவு விழுந்தால் மட்டும் இந்த இன்னொரு வழி. அன்றைக்குச் சடங்கு முடிந்ததும் சஞ்சோக் கேட்டான்: "ஏன் மாமா, இந்த ரூட்டுக்கு ஷேர் ஜீப் கிடையாதா?" மாமா வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "இருக்குடா. ரிட்டர்ன்தான் கிடையாது" என்றார். சாவு வீடு முழுக்கச் சிரித்தது. அம்மாவும் சிரித்தாள்.

இருட்டுவதற்குள் வந்துவிட்டான். முப்பது கிலோ. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

ஜூன் 23

ரத்தன் தாஜு வந்தார். ஊருக்கே அவர் தாஜு, அண்ணன். இப்போது எங்கள் பக்கத்துப் போராட்டக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர். அதற்கு முன்பு தொடக்கப்பள்ளி ஆசிரியர். எனக்கும் சஞ்சோக்குக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். டிவியில் எங்களை வந்தேறிகள் என்கிறார்கள், நேபாளத்திலிருந்து வந்து நிலம் கேட்கிறார்கள் என்கிறார்கள், இதற்கு இங்கிலீஷில் ஒரு பதில் வேண்டும் என்றார். "நம்ம தோட்டத்துல டிகிரி முடிச்சது நீ ஒருத்திதான் யோஜனா. பேசவேண்டாம். எழுதிக்கொடுத்தாப் போதும்."

பேசவேண்டாம் என்று அவரே சொன்னது ஆறுதல். நான் கூட்டத்தில் பேசமாட்டேன் என்று எல்லோருக்கும் தெரியும்.

எழுத உட்கார்ந்தபோது அந்த இன்டர்வியூ ஞாபகம். போன வருஷம் சிலிகுரியில் பள்ளி வேலைக்கு. மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்தவர் என் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு மரியாதையாகத்தான் கேட்டார்: "நேபாளத்திலேருந்து எப்ப வந்தீங்க?" எந்த பஸ்ஸில் வந்தீர்கள் என்று கேட்பதுபோல. எனக்கு வாய் திறக்கவில்லை. திரும்பும்போது மிரிக் வரைக்கும் ஜீப்பில் பதில் பதிலாக மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். எல்லாம் நல்ல பதில்கள்.

இன்று அதில் ஒன்றை எழுதினேன். 'மேச்சிக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு யாரும் இல்லை. எங்களில் செத்தவர்கள் எல்லோரும் இந்தப் பக்கத்து மண்ணில்தான் இருக்கிறார்கள்.'

ரத்தன் தாஜு இரண்டு முறை படித்தார். "இதுதான். இதுதான் வேணும்."

பொய் ஒன்றும் எழுதவில்லை. நாலு தலைமுறையாக இங்கே. அந்தப் பக்கம் ஒரு சித்தப்பா, ஒரு அத்தை, ஒருத்தரும் கிடையாது.

ஜூன் 25

என் வாக்கியத்தை நேபாளியிலும் இங்கிலீஷிலும் பேனரில் எழுதுகிறார்கள். சஞ்சோக் எங்கள் வீட்டில் வைத்தே பெயின்ட் அடித்தான், நேபாளத்து அரிசி மூட்டையில் சாய்ந்துகொண்டு. நான் அதைப் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை.

ஜூலை 3

மழை. இன்டர்நெட்டை நிறுத்திவிட்டதால் பையன்கள் எல்லாம் பாலத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள். சஞ்சோக் வீட்டுக்கு வந்தால் கூட்டத்துப் பேச்சை எனக்கு அப்படியே நடித்துக் காட்டுகிறான். ரத்தன் தாஜு மாதிரி கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "தோழர்களே, ஹோம்வொர்க் எங்கே?" என்றான். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பிறகு திடீரென்று, "அந்த இன்டர்வியூவுல கேட்டானே, நீ ஏன் ஒண்ணுமே சொல்லல?" என்றான்.

"வரல."

"அடுத்த தரம் எவனாவது கேட்டா என் பேரைச் சொல்லு. நான் பாத்துக்கறேன்."

"என்ன பாத்துப்ப?"

"அதை அப்ப பாப்பேன்."

இருபது வயசு. மீசை இன்னும் சரியாக வரவில்லை.

ஜூலை 8

சஞ்சோக் இல்லை.

சஞ்சோக்கைச் சுட்டுட்டாங்க.

ஜூலை 9

எழுதாவிட்டால் நெஞ்சு வெடிக்கும் போலிருக்கிறது. எழுதுகிறேன்.

கடைவீதியில் ஊர்வலம். பேனரின் ஒரு முனையை அவன் பிடித்திருந்தான். கல் பறந்ததாம். முதலில் யார் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நாங்கள் சுடவில்லை என்று போலீஸ்காரர்கள் அறிக்கை விட்டிருக்கிறார்கள். பிறகு எப்படி? தானாக வந்து பட்டதா?

ஜஸ்மான் மாமாவின் ஜீப்பில் பின்சீட்டில் கிடத்தித்தான் கொண்டுவந்தார்கள். அம்மா அழவில்லை. கால்மாட்டுக்குப் போய்ப் பார்த்தாள். "செருப்பு ஒண்ணு எங்கே?" என்றாள். யாருக்கும் தெரியவில்லை. "ஒரு செருப்போட எப்படி நடப்பான்?" — இதையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பையன் மழையில் கடைவீதி வரைக்கும் போய்த் தேடிவிட்டு வந்தான். கிடைக்கவில்லை.

இன்று புதைத்தோம். அப்பாவுக்குப் பக்கத்தில். உடம்பின்மேல் இரண்டு கொடி. எது மேலே இருக்கவேண்டும் என்று ஒரு சின்ன வாக்குவாதம். தேசியக்கொடிதான் மேலே, கேமரா வருகிறது என்று ரத்தன் தாஜு முடிவு செய்தார். ஒருவர் கட்சிக்கொடியின் ஓரம் கொஞ்சம் தெரியும்படி இழுத்துவிட்டார். அவர் இழுத்தபோது என் தம்பியின் கை நழுவி வெளியே விழுந்தது. யாரும் எடுத்து வைக்கவில்லை. நான்தான் எடுத்து வைத்தேன்.

மூன்று நாள் கழித்து மாமா வழி சொல்லவேண்டும். கெட்ட சாவு. சீக்கிரம் அனுப்பியாக வேண்டும் என்கிறார்.

ஜூலை 11

ரத்தன் தாஜு மாலையில் வந்தார். வாசலில் நாலைந்து பையன்கள். மாமா உள்ளே உட்கார்ந்து நாளைக்கு வேண்டிய இஞ்சியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஊர்ப் பெயருக்கும் ஒரு துண்டு இஞ்சி நறுக்கி வைக்கவேண்டும்.

"ஜஸ்மான், நாளைக்கு டெல்லியிலேருந்து, கல்கத்தாவுலேருந்து டிவிக்காரங்க வராங்க. சடங்கைப் படம் எடுப்பாங்க."

"எடுக்கட்டும்."

"நீ மேச்சியோட நிறுத்திக்கணும்."

மாமாவுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. "மேச்சியில என்ன இருக்கு? வெறும் ஆறு. அங்கே எங்கே இறக்கிவிடறது அவனை?"

"நீ இலாம்ங்கற, தன்குட்டாங்கற, போஜ்பூர்ங்கற. எல்லாம் நேபாளத்து ஊர். நாளைக்கே டிவியில என்ன சொல்லுவான் தெரியுமா? 'பாருங்க, செத்தவனே நேபாளத்துக்குத்தான் திரும்பிப் போறான்'னு சொல்லுவான். இந்தப் பையன் எதுக்குச் செத்தான்? நாங்க இந்த மண்ணுன்னு சொல்லித்தானே? அவன் சாவையே அவனுக்கு எதிரா சாட்சி சொல்ல வைக்கப்போறியா நீ?"

மாமா இஞ்சியிலிருந்து மண்ணைத் தட்டினார். டிவிக்காரர்கள் அவர் சொல்வதுபோலத்தான் சொல்வார்கள்.

"ரத்தன், அவன் கெட்ட சாவு செத்தவன். நடுவழியில விட்டா அங்கேயே நிப்பான்."

"கொஞ்ச நாள் நிக்கட்டும். மாநிலம் வந்ததும் மிச்சத்தைச் சொல்லி அனுப்பு."

"எந்த வருஷம்?"

வாசலில் நின்ற ஒரு பையன் உள்ளே எட்டிப் பார்த்து, "ஜீப்புக்குப் புது டயரா மாமா? நல்லாருக்கு" என்றான். போன வாரம்தான் கடையடைப்பை மீறிய ஒரு வண்டியை எரித்திருந்தார்கள். மாமா இஞ்சியைக் கீழே வைத்தார்.

ரத்தன் தாஜுவின் கண் கலங்கித்தான் இருந்தது. அது நடிப்பில்லை. சஞ்சோக்குக்கு அவர்தானே கைபிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தார். எழுந்து போகும்போது அம்மாவிடம், "உன் மகளே எழுதியிருக்காளே தீதி — மேச்சிக்கு அந்தப் பக்கம் நமக்கு யாரும் இல்லேன்னு" என்றார்.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அத்தனை நாள் வீட்டுச் சுவரில் காய்ந்துகொண்டிருந்த பேனரில் என்ன இருந்தது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

"நீயா எழுதின?"

தலையசைத்தேன். அம்மா வேறு ஒன்றும் கேட்கவில்லை. ஏதாவது கேட்டிருக்கலாம்.

ஜூலை 12

மத்தியானம் சடங்கு நடந்தது. முற்றத்தில் மூன்று கேமரா. மாமா தலைப்பாகை கட்டி, வெண்கலத் தட்டைத் தட்டிக்கொண்டு ஆரம்பித்தார். சஞ்சோக், எழுந்திரு. வாசலைத் தாண்டு. ஒரு துண்டு இஞ்சி. தோட்டத்துப் பாலம். ஒரு துண்டு. காட்டு வழி இறக்கம், கல் வழுக்கும், பார்த்து வை காலை. ஒரு துண்டு. மேச்சி வந்துவிட்டது. தண்ணீர் சத்தம் கேட்கிறதா?

நிறுத்திவிட்டார். தட்டு மட்டும் அவர் கையில் அதிர்ந்துகொண்டிருந்தது. அடுத்த பெயர் அவர் வாயில் நின்றது. அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் அடுத்த பெயர் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை.

கேமராக்காரர் ஒருவர் ரத்தன் தாஜுவிடம், "முடிஞ்சுதா? அந்தத் தட்டு தட்டறதை மட்டும் இன்னொரு தரம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டார். மாமா இன்னொரு தரம் தட்டினார். நறுக்காத இஞ்சியை இலையில் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அம்மா சாப்பாட்டுக்கு மூன்று தட்டு வைத்தாள். எனக்கு, அவளுக்கு, இன்னொன்று. வழி முடியாதவனுக்குப் பசிக்கும் என்றாள்.

ஜூலை 21

மூன்று தட்டு. தினமும். அந்தச் சோற்றை நாய்க்குப் போட்டால் நாய் தொடுவதில்லை.

ஆகஸ்ட் 2

மேச்சிக் கரைக்குப் போக முயன்றோம், அம்மாவும் நானும். காட்டு வழியிலேயே சிப்பாய்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எல்லையை மூடியிருக்கிறார்களாம். திரும்பும்போது அம்மா அடிக்கடி நின்று காது கொடுத்தாள். மழைதான். மழையில் இலை அசைகிற சத்தம்தான் — நான் அப்படித்தான் சொன்னேன்.

ஆகஸ்ட் 15

கம்பத்தில் இரண்டு கொடி. கமிட்டி ஆபீஸில் சஞ்சோக் படத்துக்கு மாலை. பேச்சாளர் என் வாக்கியத்தைச் சொன்னார், கைதட்டினார்கள். அம்மா வரவில்லை. எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். குளிருக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 28

கடையடைப்பு முடிந்துவிட்டது. ரேடியோவில் சொன்னார்கள். பேச்சுவார்த்தை நடக்குமாம். மாநிலம் பற்றி ஒன்றும் இல்லை. அவ்வளவுதான்? காத்திருந்து காத்திருந்து இன்னும் ஏதோ சொல்வார்கள் என்று ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டுப் போட்டுவிட்டார்கள்.

ரத்தன் தாஜு வீட்டில் பூட்டு. வழக்கு வருகிறது என்று எங்கோ போய்விட்டாராம். பேனரை யாரோ ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டிருக்கிறார்கள். 'யாரும் இல்லை' மட்டும் தெரிகிறது.

ஆலைச் சங்கு ஊதியது. அம்மா கூடையை எடுத்துக்கொண்டு போனாள். பறிக்க இல்லை, வெட்ட. எல்லாம் கிளையாகிவிட்டது.

அக்டோபர் 6

ஜஸ்மான் மாமா ஜீப்பில் பின்சீட்டு இடது மூலையில் யாரையும் ஏற்றுவதில்லையாம். தோட்டம் முழுக்க அதுதான் கேலி. "அங்கே ஆள் இருக்கு" என்கிறாராம். "எந்த ஸ்டாப்புல ஏறினாரு? டிக்கெட் குடுத்தாரா?" என்று பயணிகள் கேட்கிறார்களாம்.

இன்று நானே போனேன். டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். ரொம்ப இளைத்துவிட்டார். நான் கேட்கவந்ததற்கு, கேட்காமலே பதில் சொன்னார்.

"நாலு தரம் சிலிகுரி போய்ட்டு வந்துட்டான் உன் தம்பி. இறங்குடான்னா எங்கே இறங்கறதுங்கறான். நான் என்னத்தைச் சொல்லுவேன், பொண்ணே?"

"திரும்பச் சொல்லமுடியாதா மாமா? முதல்லேருந்து?"

"வீட்டு வாசலை ஒரு தரம்தான் தாண்டவைக்கலாம். நின்ன இடத்திலேருந்துதான் எடுக்கணும். ஆத்தங்கரையில. அதுவும் ரத்த சொந்தம் முதல்ல அந்தக் கரையில கால் வைக்கணும், அப்பத்தான் பின்னாடியே வருவான். அம்மாவால முடியாது, அந்தக் கரையில பெத்தவளைப் பாத்தா திரும்பி வீட்டுக்குத்தான் ஓடுவான்." பம்பைக் கீழே வைத்தார். "கரையைத் திறந்துட்டாங்க. ஆனா கேள்வி கேப்பாங்க. நீதான் போகணும். நீதான் பேசணும்."

சரி என்றேன். உடனே சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், பேசவேண்டியது நான் என்பது உறைத்தது.

அக்டோபர் 14

போனோம். பின்சீட்டு மூலை காலியாக. அம்மா முன்னால் உட்கார்ந்து மடியில் ஒரு பை வைத்திருந்தாள். புதுச் செருப்பு, எட்டாம் நம்பர்.

ஜீப் போகமுடியாத இடத்தில் இறங்கி நடந்தோம். ஆற்றுக்கு முன்னால் ஒரு காவல் கூண்டு. சிப்பாய் எங்கோ ராஜஸ்தான் பக்கத்துக்காரர். என் வயசுதான் இருக்கும். இந்த ஈரத்திலும் உதடு வெடித்திருந்தது. அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்தார்.

"எங்கே போறீங்க?"

"அந்தக் கரைக்கு."

"பொறந்தது?"

"தாப்லிங் தோட்டம். இங்கேதான்."

"அப்போ அந்தப் பக்கம் யார் இருக்கா?"

இன்டர்வியூவில் கேட்ட அதே குரல். மரியாதையாக, சும்மா தெரிந்துகொள்வதற்காக. மாமா அவசரமாக, "கடைக்கு, சாப், கடைக்கு" என்று தொடங்கினார்.

"என் தம்பி" என்றேன்.

"பேரு?"

"சஞ்சோக் ராய்."

அவர் ஏட்டில் எழுதினார். நான் தலைகீழாகப் படித்தேன். என் பெயர், எதிரே: நேபாளத்தில் தம்பி. இனி யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

"அங்கேயே இருக்கானா?"

"இல்ல. இனிமேதான் போறான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அம்மா கையிலிருந்த பையைப் பார்த்தார், மாமாவின் வெண்கலத் தட்டைப் பார்த்தார். எவ்வளவு புரிந்ததோ. "சாயங்காலத்துக்குள்ள திரும்பிடுங்க" என்று அட்டைகளை என்னிடம் கொடுத்தார்.

இவ்வளவு சின்ன ஆறா. எனக்குக் கெண்டைக்கால் வரைக்கும்தான். இதைத்தான் நான் அப்படி எழுதினேன். ஐஸ் மாதிரி தண்ணீர். அந்தக் கரையில் கால் வைத்து, திரும்பிப் பார்க்காமல், "வா" என்றேன். மாமா பின்னால் வந்தார். பையிலிருந்து இலைச் சுருளை எடுத்தார். ஜூலை மாதத்து இஞ்சி, விரல் மாதிரி வற்றிப்போயிருந்தது. நறுக்க முடியாமல் கத்தி வழுக்கியது.

இலாம். மாய்க்கோலா. தமோர். தன்குட்டா. அருண். போஜ்பூர். மாமா அழுதுகொண்டேதான் சொன்னார். ஒரு பெயரையும் விடவில்லை. மூன்று அடுப்புக்கல் வந்ததும் தட்டைக் கவிழ்த்தார்.

செருப்பை மேற்கே பார்த்து வைக்கச் சொல்லி அம்மா இந்தக் கரையிலிருந்தே கத்தினாள். வைத்தேன். மண்ணைத் துடைத்துவிட்டு வைத்தேன்.

திரும்பும்போது மாமா அந்த மூலையில் என்னை உட்காரச் சொன்னார்.

அக்டோபர் 21

திகார். அக்கா தங்கைகள் அண்ணன் தம்பிக்குப் பொட்டு வைக்கும் நாள். அம்மா வழக்கம்போல ஜஸ்மான் மாமாவைத் தம்பியாக உட்காரவைத்துப் பொட்டு வைத்து மாலை போட்டாள். நான் பொட்டு வைக்கத் தம்பி இல்லை. வாசற்படியில் வைத்து உடைக்கவேண்டிய அக்ரூட் கொட்டையை அம்மா வாங்கி வைத்திருந்தாள். உடைக்காமல் அலமாரியில் வைத்துவிட்டேன்.

ரத்தன் தாஜு எங்கிருந்தோ ஆள் அனுப்பியிருந்தார். புதிதாக ஓர் அறிக்கை எழுதித் தரமுடியுமா என்று. பழைய வாக்கியத்தையே போட்டுக்கொள்ளலாம், அதுதான் நன்றாக இருந்தது என்று. இனி அதை நான் எழுதமுடியாது, அது உண்மையில்லை என்று சொல்லி அனுப்பினேன். வந்த பையனுக்கு விளங்கவில்லை. விளக்கவில்லை.

இருட்டுமுன் சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா இரண்டு தட்டு வைத்தாள்.